மலேம்பா வீட்டுத் தகரம்

செம்மண் பூமியில் வெள்ளை விரிப்பு போடலாம் என்று முதன்முதலில் நினைத்தவன் எவனோ, அவன் தன் கையால் ஒரு நாளும் துணி துவைத்திருக்க மாட்டான். ட்சாவோ காட்டில் யானையே சிவப்பு. மண்ணை வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டு, செங்கல் சூளையிலிருந்து எழுந்து வந்த மாதிரி நிற்கும். அந்தக் காட்டுக்கு நடுவில் ஒரு லாட்ஜ் கட்டி, நாற்பது அறை போட்டு, அத்தனை கட்டிலிலும் வெள்ளை விரிப்பு. ஜீப்பில் காட்டைச் சுற்றிவிட்டு வரும் விருந்தாளி காலைக்கூடத் தட்டாமல் அதில் விழுந்து புரளுவார். அந்தச் சிவப்பை மறுபடி வெள்ளையாக்கும் வேலையை இருபத்தாறு வருஷம் பார்த்தவள் மலேம்பா. நுரைக்குள் கிடந்து கிடந்து அவள் விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் இயந்திரம் அவள் கைரேகையை மூன்று முறை ஏற்க மறுத்தது. "கைய நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா" என்றானாம் அந்த அதிகாரி. அவளிடம் போய்!

மலேம்பா வாழ்க்கைப்பட்ட ஊர், டாய்ட்டா மலைக்குக் கீழே காட்டின் எல்லையை ஒட்டி இருக்கிறது. கணவன் ஜெரெமையா ரயில் பாதையில் வேலை பார்த்தான். வீடு கட்டி மிஞ்சிய கூரைத் தகரத்தில் ஒரு முழம் வெட்டி, ஓட்டை போட்டு, கம்பி கோத்து வாசல் கம்பத்தில் தொங்கவிட்டான். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு தகரம் உண்டு. சோளம் முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். முதலில் பார்த்தவர் தட்டுவார். கேட்டவர் படுத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். யாருடைய வயலாக இருந்தாலும் சரி, பகலில் அந்த வயல்காரியோடு வாய்ச்சண்டை போட்டிருந்தாலும் சரி, கையில் கிடைத்ததை எடுத்துத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு குரல் இருக்கும். எந்த வீட்டுத் தகரம் என்று தூக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஜெரெமையா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நாலு. அடுத்த வருஷம் மழையும் பொய்த்தது. லாட்ஜில் துணி துவைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மலேம்பா கிளம்பினாள். கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு வகேஷோ வந்து வாசலில் நின்றாள். வகேஷோ பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

"பிள்ளைங்க எங்க வீட்ல சாப்பிடும். அந்தத் தகரத்தக் கழட்டிக் குடு" என்றாள்.

மலேம்பா கழற்றிக் கொடுத்தாள். சில மாதத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

விதியைப் பாருங்கள். சோளம் முற்றுவது ஜனவரி பிப்ரவரியிலும் ஜூலை ஆகஸ்டிலும். லாட்ஜில் கூட்டம் வந்து குவிவதும் அதே மாதங்களில்தான். காடு காய்ந்தால் யானை வயலுக்கு வரும். காடு காய்ந்தால் விருந்தாளி லாட்ஜுக்கு வருவான். அந்த மாதங்களில் லீவு என்று கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில், லாட்ஜ் காற்றாடும்போது, "போய்ட்டு வா" என்பார்கள். அவள் வீட்டுக்கு வந்தால் சோளம் மூட்டையில் கட்டி அடுக்கியிருக்கும். யானை மிதித்த வருஷத்தில்கூட அவள் வயலில் ஏதாவது மிஞ்சியிருக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட மலேம்பா தகரம் தட்டியதில்லை.

ஊர்ப் பெண்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவளை அரித்தது. "ஏன்டி, உன் வயலுக்கு நாங்க என்ன கூலியா?" என்று ஒருத்தி ஒரு நாள் கேட்டிருந்தால் பதிலுக்கு இவளும் நாலு கத்திவிட்டு ஆறியிருப்பாள். மகன் வோய் டவுனில் மின்சார வேலைக்காரன் ஆனான், மகள் மொம்பாசாவில் நர்ஸ் ஆனாள். எல்லாம் அந்த லாட்ஜ் சம்பளத்தில், அந்தப் பெண்களின் தூக்கத்தில். இந்த நவம்பரோடு அவளுக்கு ஓய்வு. இனி தினமும் காலையில் எழுந்தால் அந்த முகங்களில்தான் முழிக்க வேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போய் முழிப்பது?

மேனேஜர் மன்யாசி நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர். செப்டம்பரில் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, ஓய்வு பெறும்போது என்ன வேணும்? வழக்கமா சூட்கேஸ் குடுப்போம்" என்றார்.

"சூட்கேஸ் வேணாம் பாஸ். எங்க ஊர்ல ஒரு பெண்கள் குழு இருக்கு, பதினொரு பேர். நவம்பர்ல ரூம் சும்மாதான கிடக்கு. ரெண்டு ராத்திரி அவங்க இங்க விருந்தாளியா தங்கணும்."

"பதினொரு பேரா? உனக்கு என்னம்மா அதுல?"

"அவங்க தூங்கணும் பாஸ். நான் துவைச்ச விரிப்புல, முழுசா ரெண்டு ராத்திரி."

மன்யாசி தண்ணீர்க்குட்டையைப் பார்த்த முன்வரிசை அறைகளையே தருவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். கடைசி நாளில் கேக் வெட்டி, எல்லார் முன்னிலும் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதாகவும் சொன்னார்.

மலேம்பா ஊருக்குப் போய்ச் சொன்னபோது பெண்கள் நம்பவில்லை. குழுத் தலைவி சங்குலிக்கு நாக்கு கத்தரிக்கோல் மாதிரி. "யானையப் பாக்க நாங்க லாட்ஜுக்கு வரணுமா? நல்ல கதையா இருக்கே! யானைதான் எங்களப் பாக்க வருஷா வருஷம் தவறாம வருதே!" என்றாள். ஆனாலும் பதினொரு பேரும் தலை பின்னிக்கொண்டார்கள். பெட்டியிலிருந்த, இடுப்பில் சுற்றும் புது லேசோத் துணிகள் வெளியே வந்தன. இரண்டு ராத்திரிக்குப் பதினொரு பேருக்கு எட்டு மூட்டை. ஒரு மூட்டையில் உகாலிக் களி கிண்டச் சோளமாவு. "வெளியூர் சோத்த நம்ப முடியாது" என்றாள் எல்லாரிலும் சின்னவளான டாலி.

அந்த முன்யோசனைக்கு டாலியைக் கும்பிட வேண்டும்.

வண்டி காலை எட்டுக்கு வர வேண்டியது, பதினொன்றரைக்கு வந்தது. வழியெல்லாம் மழை. லாட்ஜில் இறங்கினால் முன்வரிசை அறைகளில் வேறு ஆட்கள். திடீரென்று ஒன்பது வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்களாம். முழங்கை நீளக் கேமராக்களோடு யானையைப் படம் பிடிக்கவே பறந்து வந்தவர்கள். மன்யாசி கையைப் பிசைந்துகொண்டு, "பின்னால பழைய கட்டடம் இருக்கு, அதுவும் நல்ல ரூம்தான்" என்றார். நல்ல ரூம்! ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறு பக்கம் மலேம்பாவின் சலவைக்கூடம். ஜன்னலைத் திறந்தால் கொடியில் காயும் போர்வை. குழாயில் சுடுதண்ணீர் வரும் என்று எழுதியிருந்தது, தண்ணீரே பாதிதான் வந்தது.

சாப்பாட்டு மேசையில் குளிர்ந்த இறைச்சித் துண்டு, பச்சை இலை, நூல் நூலாக ஏதோ ஒன்று. சங்குலி முள்கரண்டியில் அதைத் தூக்கிப் பார்த்தாள். "மலேம்பா, இது சாப்பாடா, இல்ல உன் சலவைக்கூடத்துக் கயிறா?"

"சாப்டுடி, நல்லாருக்கும்."

"ஆனைப் பசிக்கு சோளப்பொரி" என்று முனகியபடி சங்குலி டாலியின் மூட்டையைப் பார்த்தாள். கடைசியில் சலவைக்கூடத்துக்குப் பின்னால், துணி அவிக்கிற அடுப்பில், உகாலி கிண்டினார்கள். விருந்தாளிகளாக வந்தவர்கள் வேலைக்காரர்கள் பக்கம் குந்தி உட்கார்ந்து உருண்டை பிடித்துத் தின்றார்கள். பரிமாறுகிறவன் கொம்போ வந்து எட்டிப் பார்த்து, தானும் ஒரு உருண்டை வாங்கிக்கொண்டு போனான். எல்லாரும் சிரித்தார்கள். மலேம்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

போகட்டும், விரிப்பு இருக்கிறதே. அந்தப் பதினொரு கட்டிலுக்கும் விரிப்பை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். பழசுமில்லாமல், புதுசின் மொடமொடப்பும் இல்லாமல், நூறு தடவை துவைத்துப் பதமான பருத்தி. ஓரத்தை மடித்துச் செருகும்போது, ஒவ்வொன்றாக, இது வகேஷோவுக்கு, இது சங்குலிக்கு என்று பேர் சொல்லியே செருகினாள்.

விடிந்ததும் தேநீர்த் தட்டோடு போனாள். கட்டில்கள் நேற்று அவள் மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. பெண்கள் தரையில் லேசோவை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் சிவப்பு.

"என்னடி இது? ஏன் கீழ படுத்தீங்க?"

டாலி நெளிந்தாள். "அக்கா, அந்த வெள்ளையப் பாத்தா கை வைக்கவே கூசுது. எங்க காலப் பாருங்க, தேச்சாலும் போகாத மண்ணு."

"அழுக்கானா நீதான துவைக்கணும்" என்றாள் வகேஷோ, தரையைப் பார்த்துக்கொண்டே.

மலேம்பாவுக்கு வந்ததே கோபம். தட்டைத் தொப்பென்று வைத்தாள். "ஊர் பேர் தெரியாதவன் வாந்தி எடுத்தத துவைச்சிருக்கேன். குடிச்சுட்டு வந்தவன் பண்ணுனதெல்லாம் துவைச்சிருக்கேன். உங்க கால் மண்ணு எனக்கு பாரமாடி? நீங்க தூங்கணும்னுதான இத்தனையும்! ஒரே ஒரு ராத்திரி படுத்துருந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"கத்தாத" என்றாள் சங்குலி. அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை. "படுத்தா மட்டும் தூக்கம் வந்துருமா? நாங்களும் கண்ண மூடித்தான் பாத்தோம். இங்க காவல் யாரு? வாசல்ல ஒரு தகரம் இல்ல, வேலி இல்ல. போதாததுக்கு முன்னால குட்டை வெட்டி, 'வா ராசா, வந்து குடி'ன்னு யானைய விருந்துக்கு வேற கூப்பிட்டு வச்சிருக்கான். இப்படி ஒரு ஊர்ல எந்தப் பைத்தியக்காரிடி தூங்குவா?"

மலேம்பா குனிந்து தேநீரை ஊற்றத் தொடங்கினாள். தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கூட்டி வந்தாள். அந்தத் தூக்கத்தைத் தொலைத்தவர்களுக்கு அது எங்கே கிடக்கிறது என்றே மறந்துபோயிருந்தது. அதில் பாதி அவள் வயலில் தொலைந்தது.

அன்று காலை ஜீப்பில் காட்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார்கள். மழை பெய்து காடெங்கும் தண்ணீர் தேங்கிவிட்டால் மிருகங்கள் திசைக்கொன்றாகக் கலைந்துவிடும். மூன்று மணி நேரத்தில் அவர்கள் கண்டது ஒரு ஆமை, கொஞ்சம் கினிக்கோழி, தூரத்தில் ஒரு வரிக்குதிரையின் பின்பக்கம். டிரைவர் வண்டியை நிறுத்தி நிறுத்தி மூச்சுவிடாமல் காட்டினான்.

"தம்பி, இந்தக் கோழி எங்க வீட்டுக் கொல்லையில மேயுது. குழம்பு வைக்கிறதுன்னா நிறுத்து, இல்லன்னா வண்டிய விடு" என்றாள் சங்குலி.

திரும்பும்போது ஜீப் சேற்றில் புதைந்தது. விருந்தாளிகள் பதினொரு பேரும் பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். தலை முதல் கால் வரை செம்மண். டிரைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். வெளிநாட்டுக்காரர்களும் ஒரு யானையைக்கூடப் பார்க்காமல் முகம் தொங்கித் திரும்பினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி ஏமாந்திருந்ததில் ஒரு சமத்துவம் இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தளத்தில் தேநீர். மன்யாசி மலேம்பாவையும் உட்காரச் சொன்னார். வேலைக்காரர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது லாட்ஜின் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், பாதி நாற்காலியில்தான். கீழே அறுபது தப்படி தள்ளித் தண்ணீர்க்குட்டை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. ராத்திரி முழுக்க முழித்தவர்கள், பகலெல்லாம் ஜீப் தள்ளியவர்கள், ஒவ்வொருத்தியாகத் தலை சாய்ந்தார்கள். டாலி வாயைத் திறந்தபடி குறட்டையே விட்டாள். 'சரி, நாற்காலியிலாவது தூங்கட்டும்' என்று மலேம்பா மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல் இருந்தாள்.

அப்போதுதான் யானை வந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்கு. காட்டு யானைக்குச் சத்தமே கிடையாது. புதர் விலகியது. ஒன்று, மூன்று, ஏழு, குட்டிகளோடு பதினான்கு. சிவப்புச் சிவப்பாகக் குட்டையைச் சுற்றி நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார்கள். அவர்களில் நெட்டையான ஒரு கிழவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மன்யாசி கையெடுத்துக் கும்பிடாத குறை. இரண்டு நாளின் பாவமெல்லாம் கழுவிப் போய்விட்டது என்று அவர் முகம் சொன்னது.

வகேஷோ கண்ணைத் திறந்தாள்.

எதிரே பதினான்கு யானை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். லாட்ஜ், நாற்காலி, தேநீர் எல்லாம் எங்கோ போய்விட்டது. எந்நேரமும் வாய் திறக்காத வகேஷோ, "ஏய்ய்ய்!" என்று ஒரு கூச்சல் போட்டாள். மேசையிலிருந்த அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, கேக்கெல்லாம் சிதற, கரண்டியால் தட்டத் தொடங்கினாள். டங், டங், டங். தட்டுச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பத்துப் பேரும் கண்ணைத் திறக்காமலே எழுந்துவிட்டார்கள். தட்டு, மூடி, பால் சட்டி, கொம்போவின் கையிலிருந்த தேநீர்க் கெட்டில்கூடத் தப்பவில்லை. குலவைச் சத்தமும் கூச்சலும் சேர்ந்து மேல்தளம் அதிர்ந்தது. சங்குலி மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று, யானையின் பரம்பரையையே வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

மன்யாசி அலறினார். "நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்கம்மா! மலேம்பா, நிறுத்தச் சொல்லு!"

மலேம்பா எழுந்து நின்றாள். ஒரு பக்கம் இருபத்தாறு வருஷம் சோறு போட்ட மேனேஜர், நாளை மறுநாள் வெட்டப் போகும் கேக், அவர் பேசப் போகும் நாலு வார்த்தை. இன்னொரு பக்கம் வகேஷோ எல்லாருக்கும் முன்னால் தனியாக நின்று தட்டிக்கொண்டிருக்கிறாள். இப்படித்தானே தட்டியிருப்பாள். என் வயலில், என் வீட்டுத் தகரத்தை, இப்படித்தானே தனியாக நின்று தட்டியிருப்பாள் என்று மலேம்பாவுக்குத் தோன்றியது. கேட்டவர் படுத்திருக்கக் கூடாது.

அவள் சர்க்கரை டப்பாவின் மூடியை எடுத்தாள். ஓடிப்போய் வகேஷோவின் பக்கத்தில் நின்று தட்டினாள்.

அந்த யானைகளுக்கும் அந்தச் சத்தம் பழக்கம்தான். அதே குரல்களை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்திருக்கும். பெரிய பெண் யானை காதை விரித்து ஒரு கணம் நின்றது. பிறகு எல்லாமே வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டன. குட்டையில் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. நெட்டைக் கிழவர் கேமராவை இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் கூட்டத்தில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். டாலி தன் கையிலிருந்த பால் சட்டியை ஓசைப்படாமல் மேசையில் வைத்தாள்.

மன்யாசி மலேம்பாவைத் தனியே கூப்பிட்டார். கோபத்தில் அவருக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. "அவங்க பண்ணினாங்க, சரி. தெரியாதவங்க. நீயுமா? இத்தன வருஷம் இங்க சோறு தின்ன நீயுமா?"

"தகரம் கேட்டா எந்திரிக்கணும் பாஸ். எங்க ஊர் வழக்கம்."

"இது உங்க ஊர் இல்லம்மா!"

"ஆமா பாஸ். ஆனா யானை ஒண்ணுதான்."

கேக் கிடையாது, பேச்சும் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். மலேம்பாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அந்தப் பேச்சுக்காகப் புது உடுப்புக்கூடத் தைத்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்குப் போனாள், மன்னிப்புக் கேட்பதற்கு.

வாசலிலேயே நின்றுவிட்டாள். பொழுதுகூடச் சாயவில்லை, பதினொரு பேரும் கட்டிலில் கிடந்தார்கள். காலைக்கூடக் கழுவவில்லை. சேறு காய்ந்த பாவாடையோடு, அந்த வெள்ளை விரிப்பில், குப்புறவும் மல்லாக்கவும் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். யானையை விரட்டியாகிவிட்டது, இனி எதற்கு முழிப்பு? வகேஷோ மட்டும் அரைக்கண்ணைத் திறந்து, "போயிருச்சா?" என்றாள்.

"போயிருச்சுடி. தூங்கு."

மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் ஒருத்திகூட எழவில்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, அவனும் தூங்கிவிட்டான். போகும்போது சங்குலி மன்யாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சோறு சரியில்ல, தண்ணி வரல, யானைய நாங்களே விரட்டிட்டோம். ஆனா ஐயா, நீங்க நல்லா இருக்கணும். இப்படி ஒரு தூக்கம் நான் கல்யாணமானதுக்கப்புறம் தூங்கினதில்ல" என்றாள். மன்யாசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலேம்பாவின் கடைசிச் சலவை அந்தப் பதினொரு விரிப்புகள். உதவிக்கு வந்தவளை அவள் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். இது சங்குலியின் முழங்கால். இது டாலி வாயொழுகிய இடம். இது வகேஷோவின் குதிகால், வெடிப்பு வெடிப்பாக அப்படியே பதிந்திருந்தது. இருபத்தாறு வருஷமாக யார் யாருடைய அழுக்கையோ துவைத்தவள், யாருடையது என்று தெரிந்து துவைத்தது அன்றுதான். தண்ணீரில் போட மனம் வராமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

கடைசி நாளில் கொம்போ ஒரு சூட்கேஸைக் கொண்டுவந்து கொடுத்தான். மேனேஜர் அனுப்பியதாம். உள்ளே ஒரு ஜோடி வெள்ளை விரிப்பு, மேலே ஒரு சீட்டு: 'அம்மா, காக்காமேகாவில் என் தாயின் சோளத்தைக் குரங்குகள் தின்கின்றன. நீங்கள் போனால் தேவலை.' மலேம்பா அதை வாசித்து ஒரு மூச்சுச் சிரித்தாள், ஒரு மூச்சு அழுதாள். அந்த லாட்ஜை யார் குறை சொன்னாலும் அவள் இன்றைக்கும் விடமாட்டாள். அவள் பிள்ளைகள் படித்தது அந்தச் சோப்பு நுரையில்.

சக்கரம் வைத்த சூட்கேஸ். செம்மண் சேற்றில் அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. தலையில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வாசலில் வகேஷோ நின்றுகொண்டிருந்தாள். கையில் தகரம். அதை நீட்டினாள்.

ஜெரெமையா வெட்டிய தகரம்தான். ஆனால் அடையாளமே தெரியவில்லை. நடுவில் சோற்றுத்தட்டு மாதிரி குழிந்து, ஓரமெல்லாம் நசுங்கி, இரண்டு இடத்தில் கிழிந்து கம்பியால் தைக்கப்பட்டிருந்தது. மலேம்பா அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள். ரேகை இல்லாத விரலுக்குக்கூட ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது.

"இத்தன அடியா, வகேஷோ?"

"கம்பி மூணு தடவ மாத்தினேன்" என்றாள் வகேஷோ. "இனிமே நீ பாத்துக்கோ. எனக்குத் தோள் வலிக்குது." சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மலேம்பா அதை ஜெரெமையா நட்ட கம்பத்தில் மாட்டினாள். தன் வீட்டுத் தகரத்தின் குரல் எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்திருந்தது. கேட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கீழே கிடந்த விறகுக் குச்சியை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

டங்.

நல்ல வெயில், பட்டப்பகல். வயலில் சோளம் கணுக்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் தன் வாசலை மிதிப்பதற்குள் வகேஷோ திரும்பி ஓடி வந்தாள். சங்குலி மாவு ஒட்டிய கையில் சட்டியோடு வந்தாள். டாலி பாதி பின்னிய தலையோடு, பின்னிவிட்டவளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். சந்துக்குச் சந்து தட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, பதினொரு பேரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்கடி? எங்க யானை?"

மலேம்பா குச்சியோடு நின்றாள். கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. "யானை இல்ல. சும்மா... சத்தம் எப்படி இருக்குன்னு பாத்தேன்."

சங்குலி சட்டியைக் கீழே போட்டு இடுப்பில் கை வைத்தாள். "அடி பாவி! அடுப்புல உகாலி தீயுதுடி! இருபத்தாறு வருஷம் தட்டாம இருந்துட்டு, தட்டுறா பாரு, உச்சி வெயில்ல!" பிறகு குச்சியைப் பிடுங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அதுவும் எதால தட்டுறா பாரு. லாட்ஜுலயும் இப்படித்தான், கொசு அடிக்கிற மாதிரி தட்டின. பிப்ரவரிக்குள்ள ஒழுங்கா ஒரு இரும்புக் கம்பி தேடி வை."

"வைக்கிறேன்" என்றாள் மலேம்பா.